ஒரு புத்தகமும் நாற்பது நிமிடப் பாட்டும்: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளர்ந்த பிள்ளைக்கு ஆடி மாதக் கஞ்சி பூஜையில் பாடும் மாரியம்மன் பாட்டு மனப்பாடம். அதே பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் முதல் வரியைத் தாண்டாது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதிலும் அதன் பின்னால் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கொண்டுவந்ததில் பெரும்பகுதி பாட்டாகவே தங்கிவிட்டது.

அதனால் இங்கே ஒருவருக்குப் புத்தகம் பரிந்துரைப்பது தனி வேலை. “இதைப் படி” என்று சொல்லிவிட்டுப் போனால் அது மேசையில் கிடக்கும். பாட்டை முன்னால் அனுப்ப வேண்டும், புத்தகம் அதன் பின்னால் போக வேண்டும். ஒரே கருத்தில் கோத்த பாட்டுத் தொகுப்பு ஒன்று, அதற்குத் துணையாக ஒரே ஒரு புத்தகம், நடுவில் உங்கள் குரல். இந்த மூன்றும் சேர்ந்தால் புத்தகம் திறக்கப்படுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் படி: ஓர் ஆள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பரிந்துரை யாருக்கும் போய்ச் சேராது. ஒருவரைத் தீர்மானியுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரியப்பாவாக இருக்கலாம், யூனிவர்சிட்டியில் முதல் வருடம் படிக்கும் அக்கா மகளாக இருக்கலாம், ஜோஹன்னஸ்பர்க்கில் புது வேலைக்குப் போகும் தம்பியாக இருக்கலாம்.

அவரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் வாசிப்பாரா, கேட்டால் புரியுமா, அல்லது இரண்டும் இல்லாமல் மெட்டு மட்டும் பழக்கமா? எப்போது, எங்கே கேட்பார்: காரிலா, சமையலறையிலா, தூங்கும் முன்னா? இப்போது அவர் வீட்டில் என்ன நடக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காவடி விரதத்தில் இருக்கும் வீட்டுக்குக் காதல் பாட்டு போகக் கூடாது. புரட்டாசி மாதத்தை இங்கே எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும், அந்த மாதத்துக்கு வேறு தொகுப்பு. துக்கம் நடந்த வீட்டுக்கு, அவர்களாகக் கேட்டால் ஒழிய, கருமாதி முடியும் வரை எதையும் அனுப்பாதீர்கள்.

இரண்டாம் படி: புத்தகத்தை முதலில் எடுங்கள்

பிடித்த பாட்டுகளைச் சேர்த்துவிட்டு அதற்கு ஒரு புத்தகம் தேடுவது தலைகீழ் வேலை. புத்தகம்தான் எலும்பு. அதை எடுத்த பிறகு என்ன பாட்டு வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நீங்கள் கடைசி வரை படித்த புத்தகமாக இருக்கட்டும். பேர்போனது என்பதற்காகப் பாதி படித்ததைத் தராதீர்கள், பேச்சில் தெரிந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து அவரைக் கூச வைக்கவும் வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்போ, ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டதோ போதும். தமிழைத் தொகுப்பு சுமக்கும், விஷயத்தைப் புத்தகம் சுமக்கும்.

தமிழ் வாசிப்பவருக்கென்றால் வழி நிறைய உண்டு. சென்னையிலிருந்து அஞ்சலில் புத்தகம் வரவழைத்தால் புத்தகத்தைவிட அஞ்சல் செலவு கூடிவிடும். ஊருக்குப் போய் வருபவர்களின் பெட்டியில் ஓரம் கேட்டு வாங்குவதுதான் நம் பழைய வழி. மின்னூல் இன்னும் சுலபம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மூலம் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில், தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் கிடைக்கின்றன. வயதானவருக்கு மின்னூல் அனுப்பினால் போனை வாங்கி எழுத்தின் அளவை நீங்களே பெரிதாக்கி வைத்துவிட்டு வாருங்கள். அதைச் செய்யாததால் படிக்கப்படாமல் போன புத்தகங்கள் ஏராளம்.

பரிந்துரைக் குறிப்பு நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம். கதையைச் சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம், எதைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, எந்த இடம் மனதை வருத்தும், உங்களுக்கு எந்த இடம் நெஞ்சில் நின்றது, இவ்வளவு போதும். குழந்தை இறப்பு, சாதிக் கொடுமை, அடி உதை வரும் புத்தகமானால் முன்கூட்டியே சொல்வது மரியாதை. கொடுப்பவர் சொல்லாமல் விட்டு, வாங்கியவர் நடுவில் அதிர்ந்து மூடி வைத்தால் அடுத்த புத்தகத்தையும் தொட மாட்டார்.

மூன்றாம் படி: கருத்தைச் சுருக்குங்கள்

‘அம்மா’, ‘காதல்’, ‘கடல்’ எல்லாம் கருத்தே இல்லை, அவை கிடங்கு. ஆயிரம் பாட்டு வந்து விழும், ஒன்றோடொன்று பேசாது. ‘கடிதத்துக்குக் காத்திருக்கும் அம்மா’ என்றால் அது கருத்து. ‘திரும்பி வராத கப்பல்’, ‘முதல் சம்பளம்’, ‘மழை நாளில் கடை மூடும் நேரம்’, இப்படி ஒரு காட்சி கண்ணில் தெரிய வேண்டும்.

கருத்து புத்தகத்தின் பெரிய விஷயத்தையே தொட வேண்டும் என்பதில்லை. சில சமயம் பக்கவாட்டில் இருப்பது நன்றாக வேலை செய்கிறது. கரும்புத் தோட்டத்தைப் பற்றிய புத்தகத்துக்குக் கரும்புப் பாட்டுகளைத் தேடாமல், விடியலுக்கு முன் எழுந்திருப்பதைப் பற்றிய பாட்டுகளை வைத்துப் பாருங்கள். இன்னொன்று: கரும்புத் தோட்டம் என்றதும் பாரதியின் பாட்டை எடுக்காத ஆள் நம்மிடம் இல்லை. எடுங்கள், தவறில்லை. ஆனால் அது ஃபிஜித் தீவில் வாடிய பெண்களைப் பற்றியது, டர்பன் இருக்கும் நம் நேட்டாலைப் பற்றியது அல்ல. கேட்பவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். நம் கதை போலவே இன்னொரு கதை இன்னொரு கடலிலும் நடந்தது என்பது தெரிந்தால் பாட்டின் கனம் கூடும்.

நான்காம் படி: பாட்டு சேர்ப்பது

சினிமாப் பாட்டு எளிதாகக் கிடைக்கும். டி.எம்.எஸ்., பி.சுசீலா காலத்துக் குரல்கள் இங்கே மூன்று தலைமுறைக்குப் பழக்கம். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்றவற்றில் ஒரே பாட்டின் பெயரில் வேறு யாரோ பாடிய மறுபதிவு நிறைய இருக்கிறது. முப்பது விநாடி கேட்டு, அசல் குரல்தானா என்று உறுதி செய்த பிறகே சேருங்கள். பெரியவர்கள் முதல் அடியிலேயே கண்டுபிடித்து அணைத்துவிடுவார்கள்.

உங்கள் தொகுப்பைத் தனியாகத் தூக்கி நிறுத்துவது எந்த நிறுவனமும் பதியாத பாட்டுதான். உங்கள் ஆயா (பாட்டி) பாடும் தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு, கல்யாணத்துக்கு முந்தின இரவு பாடுகிற கேலிப் பாட்டு, ஒப்பாரி. டொங்காட், மவுண்ட் எட்ஜ்கம்ப், உம்சின்டோ பக்கத்துத் தோட்டங்களில் பாடியவை பல வீடுகளில் ஒரே ஒருவர் தொண்டையில் மிச்சம் இருக்கின்றன. அதைப் பதிவு செய்வதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

முதலில் அனுமதி கேளுங்கள். “யாருக்கு அனுப்பப் போறே?” என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். சமையலறையில் பதியாதீர்கள். ஃபிரிட்ஜ் உறுமல் காதுக்குத் தெரியாது, பதிவில் முழுக்க இருக்கும். திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த படுக்கையறை நல்லது. எதிரொலி குறையும். போனை மேசைமேல் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின்மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். போனை விமான முறைக்கு மாற்றுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் எல்லாம் போச்சு.

பிறகு பேசவிடுங்கள். இந்தப் பாட்டை யாரிடம் கற்றார்கள், எந்தத் தோட்டத்தில், எந்த வேலை செய்யும்போது? பாட்டுக்கு முன்னால் அவர்கள் சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தை வெட்டாதீர்கள். வரி மறந்து நின்றால் எடுத்துக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் விட்டால் தானே வரும். இருமல், சிரிப்பு, “ஐயோ, மறந்துட்டேனே” எல்லாம் இருக்கட்டும். முடிந்ததும் அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமியுங்கள்: ஒன்று போனுக்கு வெளியே, இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில். ஒப்பாரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சில வீடுகளில் சாவு இல்லாத நாளில் அதைப் பாடுவது ஆகாது. பாட மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஐந்தாம் படி: வரிசை

நாற்பது நிமிடம் போதும். கேசட் பதிந்து கொடுத்த காலத்தில் 90 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடம். அந்த அளவு ஒருவரின் கவனத்துக்கு இன்றைக்கும் சரியாக இருக்கிறது. பழைய பாட்டாக எடுத்தால் பன்னிரண்டு வரை பிடிக்கும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும், அதனால் அந்தக் காலப் பாட்டுகள் சின்னதாகவே இருக்கும்.

கேட்பவருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டோடு ஆரம்பியுங்கள். தெரிந்தது மூன்று, தெரியாதது ஒன்று என்ற கணக்கில் போகலாம். மிகக் கனமான பாட்டை நடுவில் கொஞ்சம் தாண்டி வையுங்கள், கடைசியில் வேண்டாம். கனமாக முடித்தால் அவர் மறுபடி போட யோசிப்பார். ஒரே குரல் தொடர்ந்து மூன்று முறை வந்தால் தொகுப்பு மாதிரி இருக்காது, யாரோ ஒருவரின் பிறந்தநாள் சிறப்பு நிகழ்ச்சி மாதிரி இருக்கும். சாமி பாட்டை ஆட்டப் பாட்டுக்குப் பக்கத்தில் வைப்பதை இங்கே யாரும் ரசிப்பதில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் உங்கள் பேச்சோ வாத்தியமோ வரட்டும்.

ஆறாம் படி: உங்கள் குரல்

எழுத்தைப் படிக்க முடியாதவருக்கு அட்டையில் எழுதுவதால் என்ன பயன்? ஆகவே குறிப்பைப் பேசிப் பதியுங்கள். பாட்டுக்கு நடுவே மூன்றோ நான்கோ இடம், ஒவ்வொன்றும் இருபது விநாடிக்குள். ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிப் பேச வேண்டாம். “சின்னம்மா, இந்தப் பாட்டை உங்க கல்யாண வீடியோவுல கேட்டிருக்கேன். அந்தப் புத்தகத்துல வர்ற பொண்ணும் இப்படித்தான் வாசல்ல நிப்பா” என்று வீட்டில் பேசுகிற மாதிரிச் சொல்லுங்கள். ஆங்கிலம் கலந்து வந்தால் வரட்டும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை நீங்களே வாசித்து, இரண்டு பாட்டுக்கு நடுவே வையுங்கள். இதற்கு உரிமைக் காலம் முடிந்த நூலாகவோ நாட்டுடைமை ஆனதாகவோ எடுத்துக்கொண்டால் கவலை இல்லை. இலக்கிய நூல்களுக்கு தென்னாப்பிரிக்காவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு வரை உரிமை உண்டு. 1921-இல் மறைந்த பாரதியை இரண்டு நாட்டிலும் தாராளமாக வாசிக்கலாம். மெதுவாக, தப்பு வந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லி, தப்பை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். தமிழ் எழுத்து கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அனுப்பினால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். காதால் கேட்டுக்கொண்டே விரலால் தொடர்ந்து போவார்கள். எழுத்து பிடிபட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

குரலைப் பதிய நிறுத்திய காரை விட நல்ல ஸ்டூடியோ கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஏழாம் படி: ஒன்று சேர்ப்பது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும், சாதாரண கணினியில் ஓடும். பாட்டுகளையும் குரலையும் வரிசையாக அடுக்குங்கள். பழைய பதிவுகள் மெல்லிசாக இருக்கும், புதியவை காதைப் பிளக்கும். ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணில் கொடுங்கள். ஒரு பாட்டு தேய்ந்து அடங்கும் இடத்தில் அடுத்தது இரண்டு விநாடி இடைவெளி விட்டுத் தொடங்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுவது டிஸ்கோவுக்குச் சரி, நமக்கு வேண்டாம். ஆயாவின் பதிவில் பின்னணி இரைச்சலை நீக்குகிறேன் என்று அதிகம் கை வைத்தால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

லோட்ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு பழகிய ஊர் இது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்துக்கொள்ளுங்கள்.

எம்பி3 ஆக எடுத்தால் 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பி. ஆக நாற்பது நிமிடம் நாற்பது எம்பி. 320-இல் அது ஏறக்குறைய நூறு ஆகும். டேட்டா விலை இங்கே எல்லோரையும் கடிக்கிறது, அனுப்புமுன் அதை நினையுங்கள்.

காரில் போடப் போகிறவர் என்றால் யூஎஸ்பி சிறந்தது. அதில் சில சிக்கல் உண்டு. யூஎஸ்பியை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய கார் ஸ்டீரியோக்கள் வேறு முறையைப் படிக்காது. கோப்பின் பெயர் 01, 02 என்று பூஜ்யத்தோடு தொடங்கட்டும். இல்லாவிட்டால் 1-க்குப் பிறகு 10 வரும். பல ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, நகல் எடுத்த வரிசையில்தான் பாடும். அதனால் ஒவ்வொன்றாக வரிசைப்படி நகல் எடுங்கள். தமிழில் பெயர் வைத்தால் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், அங்கே மட்டும் ஆங்கில எழுத்து. சிடி கேட்கிற பெரியவர்களுக்கு ஆடியோ சிடியாகவே எழுதுங்கள், 80 நிமிடம் கொள்ளும், பழைய பிளேயரிலும் ஓடும்.

எட்டாம் படி: அனுப்புவதும் உரிமையும்

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்பின் பெயர் மாறாது. வைஃபை இருக்கும் நேரத்தில் இறக்கச் சொல்லுங்கள்.

பாட்டின் உரிமை அதை உருவாக்கியவர்களுடையது. காசு கொடுத்து வாங்கிய பாட்டை ஒருவருக்கு வீட்டுப் பரிசாகத் தொகுத்துத் தருவதோடு நிறுத்துங்கள். விற்காதீர்கள், பொதுவில் ஏற்றாதீர்கள். முழுக்கச் சந்தேகமில்லாத வழி வேண்டுமென்றால், பாட்டுகளை ஸ்ட்ரீமிங் செயலியில் பிளேலிஸ்ட்டாக வைத்து இணைப்பை அனுப்புங்கள், உங்கள் குரல் பதிவுகளையும் ஆயாவின் பாட்டையும் மட்டும் தனியாக அனுப்புங்கள். பிளேலிஸ்ட்டில் பாட்டுகள் திடீரென்று காணாமல் போகும், இலவசக் கணக்கில் வரிசை கலைந்துபோகலாம். அதனால் பாட்டுப் பட்டியலை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

ஒரு மாதிரி: என்3 சாலைக்கு ஒரு தொகுப்பு

இவ்வளவு சொன்னேன், ஒன்றைச் செய்து காட்டுகிறேன். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி. தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. கார் ஓட்டிக்கொண்டு போகிறார்.

புத்தகம்: தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம் பற்றி காந்தி எழுதியது. எரவாடா சிறையில் இருந்தபோது குஜராத்தியில் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு, இவருக்கு ஆங்கிலம். முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னால் சட்டங்களின் பெயரிலேயே களைத்துப்போவார். பெண்கள் சிறை போகும் அத்தியாயத்தில் தொடங்கி, 1913 நடைப்பயணம் முடியும் வரை போகச் சொல்லுங்கள். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அங்கிருந்து எழுந்த கூட்டம் நவம்பர் 6-ஆம் தேதி எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்கு தருகிறார். ஒப்பந்தம் முடிந்தவர்கள்மேல் போட்ட மூன்று பவுன் வரியை எடுக்கச் சொல்லி நடந்தார்கள், மறு ஆண்டு அந்த வரி போனது.

கருத்து: நடை. ‘போராட்டம்’ என்று வைத்தால் முழக்கப் பாட்டுகளாக வந்து சேரும். நடை என்றால் வழிநடைச் சிந்து வரும், காவடிச் சிந்து வரும், மாட்டுவண்டிப் பாட்டு வரும், தவில் வாசிப்பு வரும். தம்பி சின்ன வயதில் காவடிக்குப் பின்னால் நடந்தவர், அந்தத் தாளம் அவர் காலுக்குத் தெரியும். அதனால் அதுதான் முதல்.

இடம்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் போடச் சொல்லுங்கள். மூய் ரிவர் சுங்கச்சாவடி வரும்போது நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். 1893 ஜூன் 7-ஆம் தேதி இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நடுவில் வைக்கும் உங்கள் குரல் தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லட்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். இதே மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்துபோனார். வயது 16. அந்தப் பேச்சுக்குப் பிறகு பாட்டு வேண்டாம், வார்த்தையில்லாத நாதஸ்வரம் ஒரு நிமிடம். பிறகு ஆயாவின் தாலாட்டு.

முடிவுக்கு ஒரு ஜூலுக் குழுப் பாட்டு. சாலையில் இன்னும் கொஞ்ச தூரத்தில் லேடிஸ்மித் திருப்பம் வரும், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ பாடகர் குழு உலகம் முழுக்கத் தெரிந்தது. வாத்தியமே இல்லாமல், அடியை மெல்ல எடுத்து வைத்துப் பாடும் பாணி அவர்களுடையது, நடைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. நம் மண்ணின் நடை நம்முடையது மட்டும் இல்லையே.

புத்தகத்தை அவர் பெட்டியில் வைக்கும்போது குறிப்பில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: வள்ளியம்மையின் கல்லறை ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம்.

அனுப்பிய பிறகு

“படிச்சாச்சா?” என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. “எந்தப் பாட்டை ரெண்டாம் தடவை போட்டீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தில் எந்த இடம் இருக்கிறதோ அதைப் பற்றிப் பேச்சை எடுங்கள். பல பேர் அதற்கப்புறம்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

சிறிசுகள் பதிலுக்குத் தங்கள் தொகுப்பை அனுப்புவார்கள். அதில் டர்பன் கோம் இருக்கும், அமாபியானோ இருக்கும் (இரண்டும் இந்த நாட்டு ஆட்ட இசை), உங்களுக்குப் பெயர் தெரியாதவர்கள் இருப்பார்கள். முழுக்கக் கேளுங்கள், முன்னால் தள்ளாமல். அதிலும் ஒரு கருத்து இருக்கும். என்னவென்று கண்டுபிடித்துச் சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதோடு அவர்கள் சொல்லும் புத்தகம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், காமிக்ஸாக இருந்தாலும் சரி.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எந்த மாதம், என்ன புத்தகம், பாட்டு வரிசை, அவர் என்ன சொன்னார், பதிலுக்கு என்ன தந்தார். அடுத்த ஆளுக்குத் தொகுப்பு செய்ய உட்காரும்போது, அதே பாட்டை அதே வீட்டுக்கு இரண்டாம் முறை அனுப்பாமல் இருக்கவும், ஆயாவின் எந்தப் பாட்டு இன்னும் பதியாமல் நிற்கிறது என்று பார்க்கவும் அது உதவும்.